ஊசிப் பெட்டியைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும் ஏழு வயது மகள்: எப்படித் தேற்றுவது?

கேள்வி: கோபியை அடுத்த ஊரிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தை மாதத்தில் ஓயாத தாகமும் உடல் மெலிவுமாக இருந்தவளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்று பத்து நாட்களைக் கடத்திவிட்டோம். பிறகு வாந்தியும் மேல்மூச்சுமாகத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, டைப் 1 சர்க்கரை நோய் என்றும், இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் மிகுந்துவிட்டது என்றும் சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். இப்போது உடல் தேறிவிட்டது. ஆனால் நாளுக்கு நான்கு முறை இன்சுலின் போட வேண்டியிருக்கிறது. ஊசிப் பெட்டியைத் திறக்கும் ஓசை கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். அவளுடைய அப்பா கால்களை அழுத்திக்கொள்ள, நான் போடுகிறேன். சில நாட்களாகப் படுக்கையிலேயே சிறுநீர் போகிறாள்.

சீக்கிரம் நோய் போய்விடும் என்றே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். சென்ற வாரம் இரவு, "அம்மா, பாரியூர்த் திருவிழாவுல முட்டாயி நெறையத் தின்னதுக்குத்தான் எனக்கு இப்படி ஆச்சா?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அப்பத்தா அவள் எதிரிலேயே கண்ணேறு என்று சொல்லி அழுகிறார். இதற்கிடையில், என் கணவருக்குப் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருப்பதால் ஜூன் மாதம் திருப்பூருக்குக் குடிபோக வேண்டும். தோட்டத்தையும் அப்பாருவையும் (தாத்தாவையும்) அவள் வளர்க்கும் கன்றுக்குட்டியையும் விட்டு வர வேண்டும். அவளிடம் எதை, எவ்வளவு சொல்வது? புதிய பள்ளியில் நோயைச் சொல்லாமல் இருந்துவிடலாமா?

பதில் 1: பெருந்துறையிலிருந்து, பதினான்கு வயது மகனின் தாய்

அம்மிணி, என் மகனுக்கு ஐந்து வயதில் இதே நோய் வந்தது. நீங்கள் கேட்டவற்றில் முட்டாய்க் கேள்விக்கு மட்டும் இன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். மற்றவை ஒரு வாரம் பொறுக்கலாம். தன்னால்தான் நோய் வந்தது, தன்னால்தான் அம்மா அழுகிறாள் என்று இந்த வயதுக் குழந்தைகள் தாமாகவே முடிவு செய்துகொள்வார்கள். நாம் பேச்சை மாற்றும்போது அந்த முடிவு உறுதியாகிவிடுகிறது. டைப் 1 இனிப்புத் தின்றதால் வருவதன்று. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறுதலாக அழித்துவிடுவதால் வருவது. நான் என் மகனிடம், "தோட்டத்துக் காவல் நாய் இருட்டில் திருடன் என்று நினைத்து நம் வீட்டு ஆளையே கடித்துவிட்டது, அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை" என்றேன். அவன் அதற்குப் பின் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

ஊசி எதற்கு என்பதையும் அவள் அறிந்த ஒன்றை வைத்தே சொல்லலாம். உங்கள் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாய்கிறது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் போனாலும் மடையைத் திறந்தால்தானே வயல் நனையும்? இரத்தத்தில் ஓடும் சர்க்கரைதான் அந்தத் தண்ணீர். மடையைத் திறந்துவிடும் ஆள்தான் இன்சுலின். ஆள் வராத நாளில் வாய்க்கால் வழிந்தோடும், வயல் காய்ந்து கிடக்கும்; தை மாதத்தில் அவள் அப்படித்தான் வாடிப்போனாள்.

சீக்கிரம் போய்விடும் என்று தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள். ஒவ்வொரு நாளும் அது பொய்யாகும்போது, நீங்கள் சொல்லும் மற்ற எதையும் அவள் நம்ப மாட்டாள். "பெரியவளான பிறகும் போட வேண்டும், நீ பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம், எல்லாம் செய்யலாம்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லுங்கள். என் மகனுக்கு எட்டு வயதானபோது, 1922 சனவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத்தான் இன்சுலின் முதன்முதலாகப் போடப்பட்டது என்றும், அதற்கு முன் இந்நோய் வந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இல்லை என்றும் சொன்னேன். நெடுநேரம் மருந்துக் குப்பியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பத்தாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் சுற்றிப் போடட்டும்; ஆனால் நாட்டு மருந்தை நம்பி ஒரு வேளை இன்சுலினைக்கூட நிறுத்தக் கூடாது என்பதை உங்கள் கணவர் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். பேத்திக்கு வேளைக்குச் சந்தகையும் அரிசிபருப்புச் சோறும் மருத்துவர் சொன்ன அளவில் எடுத்து வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். என் மாமியார் அப்படித்தான் அழுகையை நிறுத்தினார்.

பதில் 2: கோவையிலிருந்து, குழந்தைகள் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்

படுக்கையில் சிறுநீர் போவதை அச்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவில் சர்க்கரை ஏறியிருந்தாலும் அப்படி ஆகும். முதலில் அளவைப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணமில்லாத அழுகை, எரிச்சல், நடுக்கம், வியர்வை இருந்தாலும் உடனே பாருங்கள். இரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெசிலிட்டர்) கீழே இருந்தால் மருத்துவர் சொன்ன அளவு குளுக்கோசைக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

அவளைப் படுக்க வைத்து அழுத்திப் பிடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு ஊசியைவிட அந்தப் பிடிதான் பெரிய அச்சம். அப்பா மடியில், அவர் நெஞ்சோடு அணைத்தபடி உட்கார வைத்துக்கொண்டு தொடையில் போடலாம். வலிக்காது என்று சொல்ல வேண்டாம். சுருக்கென்று இருக்கும், ஐந்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். போட வேண்டுமா என்று கேட்காதீர்கள். இடத் தொடையா, வலத் தொடையா என்று கேளுங்கள். சூடான சோற்றை ஆற்றுவதுபோல் நீளமாக ஊதச் சொல்லி, அவள் ஊதும்போது போடுங்கள். குளிர்ந்த மருந்து எரியுமாதலால், பயன்பாட்டில் உள்ள குப்பி குளிர்பெட்டியில் இருந்தால் சற்று முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள். ஊசி நீக்கிய சிரிஞ்சைக் கொடுத்துப் பொம்மைக்கு அவளே போட்டு விளையாட விடுங்கள். பொம்மையிடம் அவள் பேசுவதைக் கேட்டால், அவளுக்கு எது அச்சம் என்பது தெரிந்துவிடும். "சேட்டை பண்ணினால் ஊசி போட்டுவிடுவேன்" என்று வீட்டில் ஒருவரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் சில வாரங்களாக உறக்கமும் விளையாட்டும் இல்லை என்றால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்து இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அது உங்களுக்கும் உதவும்; நீங்களும் மிகவும் களைத்திருக்கிறீர்கள்.

பதில் 3: தாராபுரம் பகுதி அரசுப் பள்ளி ஆசிரியர்

பள்ளியில் மறைக்கவே மறைக்காதீர்கள். வகுப்பில் ஒரு குழந்தைக்குத் திடீரென்று வியர்த்து நடுங்கினால், காரணம் தெரியாத ஆசிரியர் வெயில் என்றுதான் நினைப்பார். தாழ்சர்க்கரையின் அறிகுறிகளையும், அப்போது செய்ய வேண்டியதையும், உங்கள் எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, ஆசிரியரின் மேசையில் குளுக்கோசை வைக்கச் சொல்லுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோயன்று என்பதையும் அத்தாளில் எழுதுங்கள்.

வீடு மாறுவதை ஜூன் மாதத்துக்கு முந்தைய வாரத்தில் சொல்லாமல் இப்போதே சொல்லி, கோடை விடுமுறையில் ஒருமுறை திருப்பூருக்கு அழைத்துச் சென்று வீட்டையும் பள்ளியையும் காட்டுங்கள். கன்றுக்குட்டிக்கு யார் தீவனம் வைப்பார், எந்தெந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரலாம் என்பதை அப்பாருவே அவளிடம் சொல்லட்டும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு காவல் நாயைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப முட்டாயி இல்லியாம்மா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். இன்று காலை இடத் தொடை என்றாள். அழுதாள், அப்பா மடியிலிருந்து இறங்கி ஓடவில்லை. மாலையில், அந்த நாய் மறுபடியும் கடிக்குமா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லி, வரும் வியாழக்கிழமை மருத்துவரிடம் அவளையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.