'பிளீட்' என்பதற்கு 'வெட்டுமிகை': சஞ்சிகை வடிவமைப்புக்கான ஒரு சொல் பற்றி

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

சஞ்சிகைப் பக்கத்தின் விளிம்பைத் தொடுகின்ற படத்தையோ வண்ணத்தையோ வெட்டுக்கோட்டுக்கு அப்பாலும் சற்று நீட்டி வைப்பதை மட்டக்களப்பு அச்சகங்களில் 'பிளீட்' (bleed) என்றே சொல்கிறார்கள். இதற்குக் 'கசிவு', 'ஓரவிடுகை' என்னும் இரு சொற்களை நமது சொற்பட்டியல் விவாதத்தில் நண்பர்கள் முன்வைத்துள்ளனர். இரண்டையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. 'வெட்டுமிகை' என்பதை அவற்றுக்கு மாற்றாக முன்வைத்து, அதற்கான காரணங்களையும் எழுதுகிறேன்.

இந்த விவாதத்துக்குக் காரணமான ஒப்படையைப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் விளங்கியிருக்கும். ஊடகக் கற்கை பயிலும் மாணவி ஒருவர், மட்டக்களப்பின் மரபுக் கூத்து வகையான வடமோடிக் கூத்தைப் பொருளாகக் கொண்டு பதினாறு பக்கச் சஞ்சிகை ஒன்றை வடிவமைத்து, தாம் செய்த வேலைகளை விளக்கும் அறிக்கையையும் தமிழிலேயே எழுதியிருக்கிறார். அந்த அறிக்கையின் ஒரே பத்தியில் 'படத்தை வெட்டினேன்' என்ற தொடர் மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது இடத்தில் படத்தின் வேண்டாத பக்கங்களை நீக்கிச் சட்டகத்தைச் சுருக்கியதையும், அடுத்த இடத்தில் கூத்தரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து தனியே எடுத்ததையும், இறுதியில் அச்சகத்துக் கத்தி அட்டையை வெட்டியபோது படத்தின் ஓரமும் சேர்ந்து போனதையும் அவர் சொல்ல வருகிறார். மாணவியின் மொழி வளத்தில் குறை இல்லை; இந்த மூன்று செயல்களையும் பிரித்துச் சொல்ல நாம் அவருக்குச் சொல் கொடுக்கவில்லை.

பொருளைத் தெளிவாக்கிக்கொண்டால் சொல்லைத் தேர்வது இலகுவாகும். சஞ்சிகை பெரிய தாள்களில் அச்சாகி, மடிக்கப்பட்டு, நடுமடிப்பில் கம்பி அடிக்கப்பட்ட பிறகே மற்ற மூன்று பக்கங்களும் வெட்டப்படுகின்றன. அடுக்கி வைத்த தாள்கள் கத்தியின் அழுத்தத்தில் சிறிது நகரும். மடிப்பும் எல்லாப் பிரதிகளிலும் ஒரே இடத்தில் விழாது. படம் வெட்டுக்கோட்டிலேயே முடிந்திருந்தால், கத்தி ஒரு மயிரிழை வெளியே விழுந்தாலும் ஓரத்தில் அச்சேறாத தாளின் வெள்ளைக் கோடு தெரியும். அதனால்தான் வெட்டப்படும் ஒவ்வொரு பக்கத்திலும் பொதுவாக 3 மில்லிமீற்றர் கூடுதலாகப் படத்தை நீட்டி வைக்கிறார்கள். 210 × 297 மில்லிமீற்றர் அளவுள்ள ஏ4 பக்கம் நான்கு புறமும் நீட்டப்பட்டால் 216 × 303 ஆகிறது. மடிப்புப் பக்கத்தை வெட்டாத சஞ்சிகைக்கு அந்தப் பக்கத்தில் இது தேவையில்லை. இந்த நீட்சி வாசகரின் கண்ணில் படுவதற்காக வைக்கப்படுவது அன்று. வெட்டப்பட்டுக் குப்பைக்குப் போவதே அதன் வேலை.

இப்போது 'கசிவு' என்ற சொல்லைப் பார்ப்போம். கசிவு என்பது தானாக, பெரும்பாலும் நாம் விரும்பாமல், நிகழ்வது. நீர் கசிகிறது, எண்ணெய் கசிகிறது, செய்தி கசிகிறது. நாம் பேசுவதோ வடிவமைப்பாளர் திட்டமிட்டு அளந்து வைப்பது. மேலும் மட்டமான தாளில் மை பரவுவதையும் மறுபக்கத்துக்கு ஊறுவதையும் குறிக்க அச்சுத்துறைக்குக் 'கசிவு' உண்மையாகவே தேவைப்படும் சொல். அதை இங்கே செலவழித்துவிட்டால், 'மூன்று மில்லிமீற்றர் கசிவு வேண்டும்' என்று படிக்கும் மாணவர் எந்தத் தாளில் எந்த மை ஊறப்போகிறது என்று தேடிக்கொண்டிருப்பார். ஆங்கிலேயர் குருதியை வைத்துச் சொல் அமைத்தார்கள் என்பதற்காக நாமும் அந்தப் படிமத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

'ஓரவிடுகை'க்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணம் கவர்ச்சியானது. தையற்காரர் தையலுக்கெனத் துணி விடுவது போன்றதுதான் இதுவும் என்று அதை முன்வைத்த அன்பர் எழுதியிருந்தார். ஆனால் தையலுக்கு விட்ட துணி சட்டையின் உள்ளேயே இருக்கிறது. தேவை வந்தால் பிரித்துப் பெரிதாக்கவும் உதவுகிறது. அச்சில் நீட்டியது மிஞ்சுவதே இல்லை. அதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. 'ஓரம் விட்டு எழுது' என்று ஆசிரியர் சொன்னால், கொப்பியின் ஓரத்தை வெறுமையாக விட வேண்டும் என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். ஓரத்தில் எதுவுமே இருக்கக்கூடாது என்ற பொருள் ஊறிப்போன தொடரைக் கொண்டு, ஓரத்தைத் தாண்டியும் படம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது நேர்மாறான விளக்கத்தையே தரும்.

'வெட்டுமிகை' என்பதை வெட்டுக்கான மிகை என்றும் விரிக்கலாம், வெட்டப்படும் மிகை என்றும் விரிக்கலாம்; இரண்டு விரிவும் பொருளுக்குப் பொருந்துகின்றன. சொல்லைக் கேட்டவுடனேயே இது தேவைக்கு மேலாக வைக்கப்படுவது, கத்தி இதை எடுத்துச் செல்லும் என்ற இரு செய்திகளும் கிடைக்கின்றன. 'மிகை' என்றால் குற்றம் என்ற எண்ணம் வராதா என்று கேட்கலாம். 'மிகைபடக் கூறல்' குற்றமாக எண்ணப்படுவது உண்மையே. ஆயினும் வரவுசெலவில் மிகை நல்ல செய்தியாகத்தானே இருக்கிறது. அளவுக்கு மேல் வெட்டியதைக் குறிக்கும் என்று மயங்குவோருக்கு, அது 'மிகைவெட்டு' ஆகும் என்பதே மறுமொழி.

இந்தச் சொல் அச்சகத்து வாசலில் தொடங்கி முடிவதும் அன்று. படத்திருத்தத்திலும், அதற்கும் முன்பு படம் பிடிக்கும் இடத்திலும் அது தேவைப்படுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் 3 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ 35 படப்புள்ளிகள். மாணவி தமது அட்டைக் கோப்பைச் சரியாக ஏ4 அளவில், அதாவது 2480 × 3508 படப்புள்ளிகளில் அமைத்திருந்தார். கரப்புடுப்பு என்னும் கூத்துடை அணிந்த கூத்தரின் கிரீடத்து உச்சி கோப்பின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. மேலே நீட்டுவதற்குப் படத்தில் எதுவும் இல்லை. படத்தைப் பெரிதாக்கினால் கிரீடம் மேலும் வெளியே போகும். ஆகவே அவர் போட்டோஷொப்பில் பின்னணியின் ஒரு பகுதியைப் படியெடுத்து, இல்லாத இருட்டையும் இல்லாத கிரீட நுனியையும் உண்டாக்கி ஒட்டினார். அலங்காரப் பக்கத்தில் இதைப் பொறுக்கலாம். செய்திப் படத்தில் இதே வேலையைச் செய்தால், அது கமரா காணாத ஒன்றைக் கண்டதாகக் காட்டுவதாகிவிடும். வெட்டப்படும் பகுதிதானே என்ற சமாதானமும் முழுமையாகச் செல்லாது. கத்தி சற்று வெளியே விழும் பிரதிகளில் அந்தப் புனைவு பக்கத்திலேயே நின்றுவிடும். கூத்தாடும் களரியில் படம் பிடிக்கும்போதே 'வெட்டுமிகைக்கு இடம் விட்டு எடு' என்று சொல்லக்கூடிய ஒரு சொல் விரிவுரையாளரிடம் இருந்திருந்தால், இந்த ஒட்டுவேலைக்குத் தேவை ஏற்பட்டிருக்காது.

இதன் தொடர்ச்சியாக, 'வெட்டு' என்பதை அச்சகக் கத்திக்கே ஒதுக்கிவிடலாம் என்பது எனது கருத்து. வெட்டுக்கோடு, வெட்டுக்குறி, வெட்டுமிகை ஆகிய மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும். சட்டகத்தைச் சுருக்குவதற்குப் புழக்கத்தில் உள்ள 'செதுக்கல்' போதும். உருவத்தைப் பின்னணியிலிருந்து எடுப்பதற்குப் 'பிரித்தெடுப்பு' எனலாம். பக்கத்தின் விளிம்புவரை பரந்த படத்தை 'விளிம்பளாவிய படம்' என்று சொல்லலாம். இதையும் வெட்டுமிகையையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது: முன்னது வாசகர் காண்பது, பின்னது வாசகர் காணாதது. தலைப்பும் முகமும் கத்திக்கு அகப்படாமல் உள்ளே தள்ளி வைக்கப்படும் எல்லைக்குக் 'காப்பெல்லை' என்ற சொல் ஏற்கெனவே இங்கு உடன்பாட்டைப் பெற்றுவிட்டதால் அதைத் தொடவில்லை.

காரைதீவில் பிறந்து, 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளின் மண்ணிலிருந்து 'பிளீட்' என்று எழுதலாமா என்று ஒருவர் வருந்தியிருந்தார். அடிகளின் பெயரை இழுக்காமலே இதைத் தீர்க்கலாம் என்று நினைக்கிறேன். அச்சகத்தில் 'பிளீட் விடல்ல, வெள்ளை விழும்' என்று சொல்பவரை யாரும் திருத்த வேண்டாம். அந்தச் சொல்லும் மாணவர்க்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கோப்பைக் கையளிக்கும் நாளில் திகைத்து நிற்பார்கள். ஒப்படையிலும் பாடக்குறிப்பிலும் 'வெட்டுமிகை' என்று எழுதி, முதல் தடவை மட்டும் பிளீட் என்பதையும் அருகில் குறிப்பிட்டால் போதுமானது.

ஒன்று மட்டும் தீராமல் நிற்கிறது. கம்பி அடித்த சஞ்சிகையில் தாள்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகும்போது உள்தாள்கள் வெளியே தள்ளி நிற்கும்; வெட்டிய பின்பு நடுப்பக்கங்களின் அகலம் அட்டையைவிடச் சிறிது குறைந்துவிடும். பக்கங்கள் கூடக் கூட இந்தத் தள்ளலும் கூடும். இதற்குத் 'தாட்பிதுக்கம்' என்று ஒரு சொல் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நூல் கட்டுவோர் தங்களுக்குள் வழங்கும் தமிழ்ச்சொல் ஏதேனும் இருக்குமானால், அதுவே என்னுடையதைவிட உரிமையுள்ளது. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கட்டுவேலை தெரிந்தவர்களுடன் பழக்கமுள்ள நண்பர்கள் கேட்டு எழுதினால், இரண்டு சொற்களையும் சேர்த்தே சொற்பட்டியலில் பதியலாம்.