பொருள்: ‘ரெஃபரன்ஸ்’ என்பதற்கு உசாத்துணை: ஜாங்கோ ஆவணப் பகுப்புக்கான கலைச்சொற்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம். இணையச் செயலிகளை உருவாக்க உதவும் பைத்தான் மொழிச் சட்டகமான ஜாங்கோவின் ஆவணங்களைத் தமிழாக்கும்போது, அவற்றின் நான்கு வகைப் பக்கங்களுக்கும் என்ன பெயரிடுவது என்பது பற்றி நம் குழுவில் வந்த முன்மொழிவு இது:

> ரெஃபரன்ஸுக்குச் ‘சுட்டுநூல்’ என வைத்துக்கொண்டு, மற்ற மூன்றுக்கும் ‘வழிகாட்டி’ என்பதையே அடைமொழிகளோடு பயன்படுத்தலாம்.

இம்முன்மொழிவின் இரு பாதிகளோடும் எனக்கு உடன்பாடில்லை என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜாங்கோவின் ஆவண முகப்பு தன் பக்கங்களை டுடோரியல், டாபிக் கைடு, ரெஃபரன்ஸ் கைடு, ஹவ்-டு கைடு என நான்காகப் பிரித்துக் காட்டுகிறது. மூன்றில் ‘கைடு’ ஒட்டிக்கொண்டிருப்பதால் நமக்கும் ‘வழிகாட்டி’ எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் இப்பகுப்பு எதைப் பற்றிய பக்கம் என்பதைக் கொண்டு அமைந்ததன்று. படிக்க வருபவருக்கு அந்நேரத்தில் என்ன தேவை என்பதைக் கொண்டு அமைந்தது. தரவுத்தளத்திலிருந்து வேண்டிய பதிவுகளைக் கேட்டுப் பெற உதவும் குவெரிசெட்டையே எடுத்துக்கொள்வோம். டாபிக் கைடில், ஒரு வலைப்பதிவுக்கான பிளாக், ஆத்தர், என்ட்ரி ஆகிய மாதிரிகளை (மாடல், அதாவது தரவின் அமைப்பைச் சொல்லும் வரையறை) வைத்துக்கொண்டு, வினவல் எவ்வாறு உருவாகிறது, அது தரவுத்தளத்தை எப்போது தொடுகிறது என்பவை தொடர்ச்சியாகச் சொல்லப்படுகின்றன. ரெஃபரன்ஸ் பகுதியிலோ ஃபில்டர், எக்ஸ்க்ளூட், அனோடேட் என ஒவ்வொரு செயற்கூறும் தனித்தனித் தலைப்பில் நிற்கிறது. முன்னதை முதலிலிருந்து கடைசிவரை படிப்பவர்கள் உண்டு. பின்னதை ஐயம் எழுந்த இடத்தில் திறந்து, பார்த்து, மூடிவிடுகிறோம்.

ஜாங்கோ உருவாக்குநர்களுள் ஒருவரான டானியேலே புரோசிடா இதையொத்த நால்வகைப் பகுப்பை டயாட்டாக்சிஸ் என்ற பெயரில் முறைப்படுத்தியபோது இரண்டு கேள்விகளை அடிப்படையாக வைத்தார்: படிப்பவர் கற்றுக்கொண்டிருக்கிறாரா, வேலையில் இருக்கிறாரா, அவருக்கு வேண்டியது செயலா, அறிவா. டுடோரியலும் ஹவ்-டுவும் செயலின் பக்கம் நிற்பவையே என்றாலும், ஒன்று கற்பவருக்கும் மற்றது வேலை செய்பவருக்கும் உரியவை. இரண்டையும் ‘வழிகாட்டி’ என்றால் அந்த வேறுபாடு தலைப்பிலேயே அழிந்துவிடும். பைத்தான் ஆவணங்களில் ஹவ்-டு என்ற தலைப்பின் கீழ் உள்ள, உரையில் எழுத்து வடிவங்களைத் தேடப் பயன்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பற்றிய பக்கம் தன்னை ஓர் அறிமுக டுடோரியல் என்றே அழைத்துக்கொள்கிறது. அதே தொகுதியிலுள்ள யூனிகோடு பக்கமோ பெரும்பாலும் விளக்கமே. பெயர் தளர்ந்தால் எந்தப் பக்கமும் எங்கும் போய் அமரும்.

இனி ‘சுட்டுநூல்’. ‘சுட்டி’ ஏற்கெனவே சிலருக்கு மௌஸ், சிலருக்கு இணைய இணைப்பு, நிரலாளர்களுக்குப் பாயின்டர்; சி++ மொழியின் ரெஃபரன்ஸுக்குச் ‘சுட்டு’ என்று எழுதுவோரும் உண்டு. ‘சுட்டுநூலில் சுட்டுகள் பற்றிய பக்கத்துக்கான சுட்டி’ என்று எழுத நேரும் நாளை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. ‘மேற்கோள்’ பிறர் கூற்றை எடுத்தாள்வதற்கு உரியது. ‘கையேடு’ யுனிக்ஸ் இயங்குதளக் கட்டளைகளை விளக்கும் மேன் பக்கங்களுக்கு வேண்டும்.

நான் முன்வைப்பது ‘உசாத்துணை’. உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல். ஐயம் எழும்போது அருகிலிருந்து விடை தருவது உசாத்துணை. இலங்கை நூலகங்களில் அங்கேயே அமர்ந்து புரட்டிப் பார்ப்பதற்குரிய நூல்கள் உள்ள பகுதிக்கு இப்பெயர் நெடுங்காலமாக வழங்குவதால், நாம் புதிதாக ஆக்க வேண்டியதும் இல்லை.

ஹவ்-டுவுக்குச் ‘செய்முறை’ போதும். வார இதழ்ச் சமையல் குறிப்பில் ‘தேவையானவை’ முடிந்ததும் வரும் ‘செய்முறை’, அடுப்பைப் பற்றவைக்கக் கற்றுத்தருவதில்லை. சமைக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பண்டத்தை மட்டும் சொல்கிறது. ஹவ்-டு பக்கத்தின் எல்லையும் அதுவே. டுடோரியலுக்குப் ‘பாடம்’, டாபிக் கைடுக்கு ‘விளக்கம்’ என்பவற்றில் சிக்கல் இருப்பதாகத் தோன்றவில்லை. நன்னூல் உரைகளைக் காண்டிகை (சுருக்க உரை), விருத்தி (விரிவுரை) எனப் பகுப்பதை ஒட்டி ஒருவர் ‘விருத்தி’யைப் பரிந்துரைத்திருந்தார், அழகான எண்ணம்தான், ஆனால் இன்று அச்சொல்லைக் காண்பவர் வளர்ச்சி என்றே பொருள்கொள்வார்.

மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன்.

———

மறுமொழி:

ஐயா, வணக்கம்.

செய்முறை, பாடம், விளக்கம் மூன்றையும் ஏற்கிறேன். ‘உசாத்துணை’யில் மட்டும் ஒரு தயக்கம். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடியில், எழுதத் துணைநின்ற நூல்களின் பட்டியலுக்கு இச்சொல் தலைப்பாக வருகிறது. தமிழ்நாட்டு வாசகர் முகப்பில் அதைக் கண்டால், ஆவணத்துக்கான சான்றுப் பட்டியல் என்று எண்ணித் தாண்டிச் சென்றுவிடலாம். ஆகவே தனியே நிறுத்தாமல் ‘குவெரிசெட் உசாத்துணை’, ‘படிவ உசாத்துணை’ எனப் பொருளோடு சேர்த்தும், முகப்பில் ‘செயற்கூறுகளின் உசாத்துணை’ என்றும் எழுதலாமா?

மூலக் கோப்புறைகளின் இன்ட்ரோ, டாபிக்ஸ், ரெஃப், ஹவ்டு என்ற பெயர்களை நாம் தொட வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு, மூல வரியையும் அதன் தமிழாக்கத்தையும் இணையாகக் கொண்ட பிஓ கோப்புகளில் நடப்பதால், நம் முடிவு தலைப்புகளையும் உள்ளடக்கப் பட்டியலையும் மட்டுமே மாற்றும். உசாத்துணை பின்னர் பொருந்தாமற்போனால், அந்தக் கோப்புகளில் தேடி மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.