மறு: 'மீத்தேன் ஸ்லிப்' – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

எரிவாயுக் கப்பல் எஞ்சின் கலைச்சொல் பட்டியலில் 'மீத்தேன் ஸ்லிப்' என்பதற்கு நேரே 'மீத்தேன் கசிவு' என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். கப்பலில் கசிவு என்றால் குழாயிலோ ஃபிளாஞ்சிலோ (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டு) வாயு வெளியே வருகிறது என்றுதான் பொருள். தொட்டி இணைப்பறையில் அது வெடிப்புக் கீழெல்லையின் (காற்றில் வாயு தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவு) 20 விழுக்காட்டைத் தொட்டால் அலாரம் அடிக்கும். இரண்டு உணரிகள் 40 விழுக்காடு காட்டினால் தொட்டி வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஸ்லிப்புக்கு இந்த அலாரம் எதுவும் அடிக்காது. சிலிண்டருக்குள் போன வாயுவில் ஒரு பங்கு எரியாமல் புகைபோக்கி வழியே போய்விடுவது அது. எந்த ஃபிளாஞ்சை இறுக்கினாலும் குறையாது. 'நழுவல்' சரிவருமா?

---

> 'நழுவல்' சரிவருமா?

வராது ஐயா. புரொப்பல்லர் ஸ்லிப்பும் (உந்துவிசிறியின் சுழற்சிப்படி கப்பல் போக வேண்டிய தொலைவுக்கும் உண்மையில் போனதற்கும் உள்ள வேறுபாடு) நழுவல்தானே? கப்பலிலிருந்து அனுப்பும் நண்பகல் அறிக்கையில் தினமும் விழுக்காட்டில் எழுதும் எண் அது. ஒரே அறிக்கையில் இரண்டு நழுவல் வந்தால் படிப்பவர் குழம்புவார்.

வாயு எங்கே தப்புகிறது என்று பார்த்தால் சொல் கிடைக்கும். குறைந்த அழுத்த இரட்டை எரிபொருள் (வாயுவிலும் டீசலிலும் ஓடும்) எஞ்சினில், அதாவது ஆட்டோ (Otto) சுழற்சியில், வாயுவும் காற்றும் முன்பே கலந்துதான் அமுக்கப்படுகின்றன. அந்தக் கலவை பிஸ்டனின் முதல் ரிங்குக்கு மேலே, லைனரை (சிலிண்டரின் உட்சுவர்) ஒட்டிய இடுக்கில் புகுந்துவிடும். குளிர்ந்த சுவர் தீயை அணைப்பதால் அங்கே எரியாது. லோடு குறைந்தால் கலவை இன்னும் மெலிந்து, தீ பாதியிலேயே அவியும். துறைமுகத்தில் இரண்டு ஜெனரேட்டரைக் கால் லோடில் ஓட்டுவதைவிட, ஒன்றை நிறுத்தி மற்றதில் லோடை ஏற்றுவது இதற்காகவும்தான். வாயு வால்வு சரியாக மூடாவிட்டாலும் புது வாயு நேரே வெளியேற்றுக் குழாய்க்குப் போகும். டீசல் சுழற்சியில், சுமார் 300 பாரில், எரியும் தீக்குள்ளேயே வாயுவைச் செலுத்தும் எஞ்சினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இடுக்கு, மெலிந்த கலவை, மூடாத வால்வு ஆகிய மூன்றிலும் வாயு எரிதலிலிருந்து தப்புகிறது. ஆகவே 'எரிதப்பு' என்பேன்.

---

'எரிதப்பு' நன்று. ஆனால் 'தப்பு' என்றதும் பிழை என்றே பலர் படிப்பார்கள். 'எரிதப்பல்' என்றால் அந்த ஐயம் இல்லை. 'எரிதப்பல் வீதம்' என்றும் தடையின்றி வரும். அந்த வீதம் இப்போது கணக்குக்கு வந்துவிட்டது. கப்பல் எரிபொருள் குறித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1805 ஒழுங்குமுறை, எரிபொருள் எடையில் நடுவேக ஆட்டோ சுழற்சி இரட்டை எரிபொருள் எஞ்சினுக்கு 3.1, மெதுவேக ஆட்டோவுக்கு 1.7, மெதுவேக டீசல் சுழற்சிக்கு 0.2 விழுக்காடு என்று இயல்பு மதிப்பு (அளந்த எண் இல்லாதபோது கொள்வது) வைத்திருக்கிறது. 3.1 என்பது சிறிய எண் அல்ல. ஒரு டன் எரிபொருளுக்கு 31 கிலோ மீத்தேன். மீத்தேன் புவியைச் சூடாக்கும் திறனை நூறாண்டுக் கணக்கில் எடுத்து 28ஆல் பெருக்கினால் 868 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எரிந்த பங்கு தரும் கரியமில வாயுவே சுமார் 2.7 டன்தான்.

ஒரு ஐயம். ரிங்கைத் தாண்டிக் கிராங்க்கேசுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே சுழல்தண்டு இருக்கும் பெட்டி) இறங்கி, அதன் காற்றுக்குழாய் வழியே போகும் வாயுவையும் சேர்ப்பதா?

---

சேர்க்க வேண்டும். அதுவும் எரியாமல் போனதுதான், வழி மட்டுமே வேறு. பட்டியலுக்கு இப்படி எழுதுகிறேன்:

மீத்தேன் எரிதப்பல்: எஞ்சினுக்குள் சென்ற மீத்தேன் எரியாமல், புகைபோக்கி வழியாகவோ கிராங்க்கேஸ் வழியாகவோ வெளிக்காற்றில் சேர்தல். எஞ்சினை எட்டுமுன் குழாயிலோ ஃபிளாஞ்சிலோ ஒழுகி வெளியேறுவது கசிவு.

தொட்டியின் அழுத்தத் தணிப்பு வால்வு திறந்து போவது இரண்டிலும் அடங்காது. அதற்குத் தனி மடல் தொடங்குங்கள்.