வாக்குத்தத்த வசனத்தை இனி எப்படிச் சொல்லி ஜெபிப்பது?

திருத்துறைப்பூண்டி சகோதரி:
தோத்திரம். புத்தாண்டு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்தது. உங்கள்பேரில் நான் நினைப்பது தீமையல்ல, சமாதானமே என்று கர்த்தர் சொல்கிற வசனம் அது. பீரோ கண்ணாடியில் ஒட்டி, தினமும் அதைச் சொல்லித்தான் ஜெபித்தேன். பொங்கலுக்கு முன்னால் பெய்த மழையில், அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து கதிரெல்லாம் தண்ணீரிலேயே முளைவிட்டுவிட்டது. நகை அடகில் இருக்கிறது. ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "விசுவாசம் இருந்திருந்தால் வயல் தப்பியிருக்கும்" என்கிறார். அதிலிருந்து முழங்கால் போட்டாலே அழுகைதான் வருகிறது. அந்த வசனத்தை இனி நான் எப்படிச் சொல்வது?

மன்னார்குடி தம்பி:
அக்கா, சோர்ந்துபோகாதீர்கள். மாற்கு 11:24 பாருங்கள். பெற்றுக்கொண்டோம் என்று விசுவாசித்துத் துதியுங்கள். எங்கள் வீட்டிலும் உங்களுக்காக ஜெபிக்கிறோம்.

பொறையார் உபதேசியார்:
தம்பி காட்டிய வசனம் சத்தியம். அதைச் சொன்ன இயேசுவே கெத்செமனேயில், தம் சித்தமல்ல, பிதாவின் சித்தமே ஆகட்டும் என்று ஜெபித்தார். இரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

மகளே, அந்த ஆள் சொன்னதை மனதில் வைக்காதே. வயல் விளையாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழுவேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி பாடினான். அவனுக்கா விசுவாசம் இல்லை?

அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கும். நீ அதிகாரம் முழுவதையும் வாசி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி ஆசைகாட்டியிருந்தான். கர்த்தரோ 70 வருஷம் என்றார். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் சொன்னார். பிற்பாடு தானியேல் அந்த 70 வருஷக் கணக்கை வாசித்துவிட்டு, எப்படியும் நடக்கும் என்று சும்மா இருந்தானா? உபவாசித்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து மன்றாடினான். வாக்குத்தத்தத்தைப் பிடித்து ஜெபிப்பது அதுதான். அந்த ஜெபம் தானியேல் 9-ல் இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும்தான் தமிழில் பெயர்த்தார். 1719-ல் 36 வயதில் இறந்துபோனார். எரேமியாவைத் தமிழில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மிச்சத்தை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள். நமக்கு முழு வேதமும் கையில் இருக்கிறது.

திருத்துறைப்பூண்டி சகோதரி:
ஐயா, அழுதுகொண்டே ஜெபித்தால் அது அவிசுவாசம் ஆகாதா? என்ன வார்த்தை சொல்ல?

பொறையார் உபதேசியார்:
ஆகாது மகளே. பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் மனங்கசந்து அழுதுதான் ஜெபித்தாள். வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 119:49-ஐ வாசி. நீர் என்னை நம்பச் செய்த வசனத்தை நினைத்தருளும் என்று கேட்கிற ஜெபம் அது. கேட்டுவிட்டு, வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்து தெளிக்கப் பார். அப்புறம், சேதக் கணக்கெடுப்பில் உன் சர்வே எண் ஏறியிருக்கிறதா என்று விஏஓவிடம் நேரில் போய்க் கேள். நாளைக்கே போ.