ஆர்க்டிக் தாவர வரைபடம்: என்டிவிஐ மட்டும் போதுமா?

கெலுகோர்_பையன்:
வணக்கம். பினாங்கில் முதுகலை படிக்கிறேன். இதுவரை செய்ததெல்லாம் கெடா, பேராக் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களைச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் வகைபிரிக்கும் வேலைதான், இப்போது மேற்பார்வையாளர் வடக்கு அலாஸ்காவின் துந்திராவை (மரமில்லாத குளிர்நிலம்) கையில் கொடுத்துவிட்டார். அதே மாதிரி என்டிவிஐ (பசுமையைக் காட்டும் எண்) கணக்கிட்டு ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற வகைபிரிக்கும் கணினி முறையில் போட்டால் லைக்கனும் (கல்மேல் படரும் பாசி மாதிரியான உயிர்) வெறும் கல்லும் ஒரே வகையில் போய் விழுகின்றன. வேறு என்ன சேர்க்கலாம்?

செந்தூல்காரன்:
பினாங்கு வெயிலில் உட்கார்ந்து துந்திராவா, யோகம்தான் தம்பி. நம் ஊரில் இலை அடர்த்தி ஓர் அளவைத் தாண்டினால் என்டிவிஐ ஏறாமல் நின்றுவிடும், ரப்பரா செம்பனையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே செடியே கணுக்கால் உயரம். லைக்கன் இலைச்செடி மாதிரி அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பாது, பிக்சலுக்குள் சின்னக் குட்டை ஒன்று இருந்தாலும் எண் இறங்கிவிடும். அதனால் கோடை வெப்பம், சரிவு, ஈரம், பனி உருகும் தேதி எல்லாவற்றையும் அடுக்காகச் சேர். ஆர்க்டிக்டெம் என்ற நில உயரத்தரவு 2 மீட்டர் கட்ட அளவில் இலவசமாகவே கிடைக்கிறது. சமதரையில் கொஞ்சம் மேடானாலே குட்டைப் புதர், பள்ளமானால் கோரை என்று மாறும் நிலம் அது.

பட்டர்வொர்த்_அக்கா:
வகைகளை நீங்களாக உண்டாக்க வேண்டாம். 2003இல் வந்த சுற்றுத்துருவ ஆர்க்டிக் தாவர வரைபடத்தில் 15 தாவர வகைகள் இருக்கின்றன, வெற்றுநிலம், புல்-கோரை, படரும் புதர், நிமிர்ந்த புதர், ஈரநிலம் என்று ஐந்து பெரும் பிரிவுக்குள். 2019இல் அதையே 1 கிலோமீட்டர் பிக்சலாகத் திருத்தி வெளியிட்டார்கள். ஆனால் அதை அப்படியே கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சித் தரவாக்கிவிடாதீர்கள், அந்த ஒரு கட்டத்துக்குள் உங்கள் 10 மீட்டர் பிக்சல் பத்தாயிரம் அடங்கும், எல்லாம் ஒரே வகையாக இருக்குமா? அலாஸ்கா ஆர்க்டிக் தாவரக் காப்பகத்தில் களத்தில் எடுத்த மாதிரிக் கட்டங்கள் இருக்கின்றன, அதிலிருந்து தொடங்குங்கள். ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு எடுத்தவற்றின் இடக்குறிப்பை மட்டும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கெலுகோர்_பையன்:
நன்றி அக்கா, அண்ணே. மேகத்துக்கு என்ன வழி? ஜூலைப் படங்களில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருக்கிறது.

செந்தூல்காரன்:
துருவத்துப் பக்கம் சுற்றுப்பாதைகள் நெருங்கி வருவதால் சென்டினல்-2 நம் ஊரை விட அங்கே அடிக்கடி கடக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை இரண்டு மூன்று வருடப் படங்களை ஒன்றாக்கி, பிக்சலுக்கு ஓர் இடைநிலை மதிப்பு எடு. ஓட்டை மிஞ்சினால் சென்டினல்-1 ரேடார், அதற்கு மேகம் தடையில்லை. அப்புறம், வடக்கு அலாஸ்காவின் ப்ரூக்ஸ் மலைத்தொடர் வந்தால் நிழல் விழுந்த பிக்சல்களைத் தனியாக விலக்கிவிடு, சூரியன் அங்கே தாழ்வாகவே இருக்கும்.