வக்கீல் பெயரில் வந்த போலி மின்னஞ்சல்: வழிகாட்டுங்கள்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் தென்னந்தோப்பின் பாகப்பிரிவினைக்காகப் பாலக்காட்டில் ஒரு வக்கீலை அமர்த்தியிருக்கிறோம். அவருடைய குமாஸ்தா கேட்டபடி, அப்பாவின் ஆதார், பான் அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பழைய பத்திரம் எல்லாவற்றையும் படமெடுத்து வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினேன்.

சென்ற வாரம், முத்திரைக் கட்டணத்தை வேறொரு கணக்கில் செலுத்துமாறு வக்கீலின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தோப்பின் சர்வே எண் உட்பட எல்லா விவரமும் சரியாகவே இருந்தன; முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தபோதுதான், ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்று கண்ணை ஏமாற்றியது தெரிந்தது. நேரில் போய்க் கேட்டோம், அவர்கள் அனுப்பவில்லை. பணம் போகவில்லை என்றாலும், சர்வே எண் வெளியாருக்கு எப்படிக் கிடைத்தது என்ற கவலையில் அப்பாவுக்கு உறக்கமே இல்லை.

ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டேன். இனி, கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலையே கொடுக்க நினைக்கிறேன். கேரளப் பத்திரப்பதிவு அலுவலகங்களில் அதை ஏற்றுக்கொள்கிறார்களா? பணம் இழக்காத நிலையிலும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணிலோ சைபர் குற்றத் தளத்திலோ புகார் அளித்தவர்கள் இருந்தால், என்னென்ன சான்றுகள் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

கட்சிக்காரரின் ரகசியம் காக்கும் கடமை, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 132ஆம் பிரிவின்படி, வக்கீலுக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் உண்டு. ஆனாலும், எங்கள் ஆவணங்கள் யார் யாருடைய கைபேசியில் இருக்கின்றன என்று கேட்டால் அவர் மனம் நோகுமோ என அப்பா தயங்குகிறார். இதைக் கேட்பது நம் உரிமை என்றே நான் கருதுகிறேன். எழுத்தில் கேட்டு, பழைய படங்களை அழிக்கச் செய்த அனுபவம் உள்ளவர்கள், அந்தக் கடிதத்தை எப்படி எழுதினீர்கள் என்று பகிர வேண்டுகிறேன்.