தேர்தல் பத்திரம் ஒழிந்தது: கட்சிகளுக்குப் பணம் கொடுப்பவர் பெயர் தெரிய வேண்டுமா?

கரூர்க்காரன்:
2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம், கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கும் தேர்தல் பத்திரத்தை ரத்து செய்ததை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஸ்டேட் வங்கியில் மட்டும்தான் வாங்க முடியும், கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம், 15 நாளுக்குள் கட்சி தன் கணக்கில் போட்டாக வேண்டும். அத்தனையும் வெள்ளைப் பணம். கொடுத்தவர் பெயர் மட்டும் வெளியே வராது. எதிர்க்கட்சிக்கும் கொடுக்க நினைக்கும் முதலாளிக்கு அந்த மறைப்பு தேவை. அது இல்லையென்றால் பழையபடி ரொக்கமாகப் பெட்டியில்தான் போகும்.

தராசு:
யாரிடமிருந்து மறைப்பு? பத்திரத்தில் புற ஊதா விளக்கில் மட்டும் தெரிகிற எண் ஒன்று இருந்தது. போலியைத் தடுக்க என்றார்கள். வாங்கியவர் விவரம் அரசு வங்கியில் இருக்கிறது. ஆக, ஓட்டுப் போடுகிறவனுக்கு மட்டும்தான் தெரியாது. 2024 மார்ச் 21இல் அந்த எண்களை வங்கி ஒப்படைத்த பிறகுதான் யார் யாருக்குக் கொடுத்தார் என்று பொருத்திப் பார்க்க முடிந்தது. வெளியான பட்டியலில் அதிகப் பத்திரம் வாங்கியது கோவை லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். திமுக பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அவர்கள் கொடுத்தது. திமுகவே தேர்தல் ஆணையத்திடம் சொன்ன கணக்கு. இது வாக்காளருக்குத் தெரிய வேண்டாமா?

பற்றுவரவு:
இரண்டு பேரும் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 2017 நிதிச் சட்டம் செய்த பெரிய வேலை கம்பெனிச் சட்டம் 182ஆம் பிரிவில் இருக்கிறது. முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு கம்பெனி கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பை எடுத்துவிட்டார்கள். லாபம் 1, 2, 3 கோடி என்றால் சராசரி 2 கோடி, கொடுக்கக்கூடியது 15 லட்சம். வரம்பு போனதும் நட்டக் கம்பெனியும் கோடிக்கணக்கில் கொடுக்கலாம் என்றானது. அந்தப் பணம் யாருடையது என்று யார் கேட்பது?

தீர்ப்பில் வரம்பு திரும்பிவிட்டது. இப்போது கம்பெனி இயக்குநர் போர்டின் தீர்மானம் வேண்டும், காசோலை, டிராஃப்ட் அல்லது மின்னணு முறையில் கொடுக்க வேண்டும், லாப நட்டக் கணக்கில் கட்சியின் பெயரும் தொகையும் வர வேண்டும். மீறினால் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம், பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை. இன்னொன்று, 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு, கட்சிக்குக் கொடுத்த நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது. கணக்கெழுதுபவர்கள் கோட்டை விடும் இடம் இது.

கரூர்க்காரன்:
சரி சார், ஆனால் பணம் இப்போது, கம்பெனிகளிடம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளை வழியாகப் போகிறதே? பத்து கம்பெனிப் பணம் ஒரே கணக்கில் சேர்கிறது. கொடுத்தவர் பட்டியல் ஒன்று, வாங்கிய கட்சிகளின் பட்டியல் ஒன்று. இவர் பணம்தான் அவருக்குப் போனது என்று எப்படிச் சொல்வீர்கள்?

தராசு:
உறுதியாகச் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பெனி பெயராவது வருகிறது. அறக்கட்டளை வாங்கியதில் 95 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள் கட்சிகளுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதால் பதுக்கவும் முடியாது. பத்திரத்தில் இதில் பாதிகூட இல்லையே!

பற்றுவரவு:
அறக்கட்டளையை விடுங்கள், பெரிய ஓட்டை ரொக்கத்தில். ஒருவரிடம் 2,000 ரூபாய் வரை ரொக்கமாக வாங்கலாம். 20,000 வரை கொடுத்தவர் பெயரை ஆணையத்துக்குத் தர வேண்டாம். ஒரு லட்சத்தை 50 ரசீதாக உடைத்து, ஆளுக்கொரு பெயர் போட்டால் முடிந்தது. இதைத் தொட எந்தக் கட்சி முன்வரும் என்கிறீர்கள், கரூர்க்காரரே?